உதடுகள் சேராத நாட்கள்

அன்று காலை பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியாக ஒழுகி நைட்டியை நனைத்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு தடவை கொப்பளித்தேன். அப்போதும் ஒழுகியது. கோத்தகிரியில் உறைபனி விழும் மாதம் அது. குழாயைத் திறந்தாலே விரல்கள் விறைத்துப்போகும். குளிரில் வாய் மரத்துவிட்டது போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டேன். முதல் மடக்கில் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் இறங்கியது.

என் கணவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு ஒரு குடும்பத்தை ஊட்டி சுற்றிக்காட்ட ஒத்துக்கொண்டிருந்ததால் சீக்கிரமே குளித்துக் கிளம்பியிருந்தார். டீ டம்ளரை வாங்க வந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“ஏங்கண்ணு, வாய எதுக்கு அப்பிடிக் கோணிக்கிற?”

“நான் ஒண்ணும் கோணலீங்களே.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளைப் பிடித்து என்னை பீரோ கண்ணாடியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடியில் இருந்த முகத்தில் இடது பக்கம் மட்டும் என்னுடையதாக இருந்தது. வலது பக்கத்தில் புருவம் தாழ்ந்து, கன்னம் தொங்கி, உதட்டின் ஓரம் கீழே வழிந்திருந்தது. கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண் மூடியது. வலது கண் திறந்தபடியே, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

“கையத் தூக்கு. ரெண்டு கையும் தூக்கு” என்றார். தூக்கினேன். “நடந்து காட்டு.” நடந்தேன். அப்புறம்தான் அவர் போனை எடுத்து அந்தக் குடும்பத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை வேகமாக ஓட்டினார். அவர் அப்பா பக்கவாதத்தில் படுத்தவர். அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

டாக்டர் வயதானவர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். ஊதிய காற்று வலது பக்கமாகப் புஸ்ஸென்று போய்விட்டது.

“பயப்படாதீங்க. இது பக்கவாதம் இல்ல. முகவாதம். முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. உடனே வந்துட்டீங்க, நல்லதாப் போச்சு. மாத்திரைய விடாம சாப்பிடுங்க. கண்ணுதான் முக்கியம். அது மூடாது, காஞ்சு போயிரும். சொட்டு மருந்து போட்டுக்கிட்டே இருக்கணும். தூங்கறப்ப கண்ண மூடி மேல டேப் ஒட்டிக்கங்க.”

“எப்பங்க டாக்டர் சரியாகும்?”

“முக்கால்வாசிப் பேருக்குத் தானா சரியாயிரும். சில பேருக்கு வாரக்கணக்கு. சில பேருக்கு மாசக்கணக்கு.”

“நான் இன்னிக்குச் சாயந்தரம் நியூஸ் வாசிக்கணுங்க.”

சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “அட, நீங்களா? தினம் உங்க நியூஸ் பாத்துட்டுத்தானே நான் சாப்பிட உக்காருவேன்” என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் இவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தும் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்பது மட்டும் என் மனதில் தங்கிவிட்டது.

எங்கள் ஊர் கேபிள் சேனலில் மாலை ஏழு மணிச் செய்தியை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். கடைவீதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த அறைதான் ஸ்டூடியோ. சுவரில் நீலத் துணி, இரண்டு விளக்குகள், ஒரு மேசை. சேனலை நடத்தியவரே கேமராவுக்குப் பின்னாலும் நிற்பார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வாசிப்பது மட்டுமல்ல, எழுதுவதும் நான்தான். காலையிலிருந்து ஒவ்வொரு ஊருக்கும் போன் போட்டு விசாரிப்பேன். கட்டபெட்டில் கரடி ஒரு பேக்கரியின் கதவை உடைத்தது, மலைப்பாதையில் மரம் விழுந்தது, பசுந்தேயிலையின் விலை, நாளைக்கு எங்கெல்லாம் மின்தடை, எந்த ஊரில் கண் சிகிச்சை முகாம். பெரிய சேனல்கள் எட்டிப் பார்க்காத விஷயங்கள். எட்டு வரியில் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் சொல்லி, அந்த மூன்று வரியும் காதில் நல்லபடியாக விழ வேண்டும் என்று அடித்து அடித்து எழுதுவேன். யாரும் கேட்டு எழுதியதல்ல. எனக்கு அப்படி எழுதப் பிடித்திருந்தது.

நான் பிறந்தது கீழ் கோத்தகிரிக்கும் கீழே, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில். அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். எஸ்டேட் கோயில் திருவிழாவில் மைக்கில் அறிவிப்புச் செய்யப் போய், அதைக் கேட்ட யாரோ சொல்லி, சேனல் அண்ணன் கூப்பிட்டனுப்பினார். முதல் நாள் அந்த விளக்குகளின் சூடு முகத்தில் பட்டபோது முதல் வரியையே இரண்டு தடவை வாசித்தேன். சில வாரங்களில் அந்தச் சூட்டுக்காகவே நாள் முழுவதும் காத்திருக்க ஆரம்பித்தேன். வெளியே மூடுபனி இறங்கிக் கடைகளெல்லாம் கண்ணுக்கு மறைந்துபோயிருக்கும். உள்ளே அந்தச் சின்ன வெளிச்சத்தில் நான் உட்கார்ந்து வணக்கம் சொல்வேன். அப்போது நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

அம்மா வேலையிலிருந்து நின்ற பிறகும் லயத்திலேயே இருந்தாள். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், அங்கே தனக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்பாள். நான் எப்போதாவதுதான் போவேன். சாயங்காலம் செய்தி இருப்பதால் போனால் உடனே திரும்ப வேண்டும், பஸ்ஸும் சரிப்படாது. ஆனால் அவள் தினமும் ஏழு மணிக்கு என்னைப் பார்த்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் வந்து அவளோடு தரையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அன்றைக்கு நான் கட்டிய சேலை சரியில்லை என்றால் மறுநாள் போன் வரும்.

முகவாதம் வந்த அன்று அண்ணனிடம் கணவர்தான் போனில் சொன்னார். செய்திக்குப் பதில் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டார்கள். ஏழு மணி தாண்டியதும் அம்மாவின் போன் வந்துவிட்டது.

எடுத்தேன். அம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு உதடும் சேர வேண்டும். என் உதடுகள் பாதிதான் சேர்ந்தன. மீதிப் பாதியில் காற்று போய் அந்தச் சொல் வேறு எதுவாகவோ வெளியே வந்தது.

“யாரு பேசுறது? எம்மக போனு தானே இது?” என்றாள் அம்மா.

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரங்களில்தான் தமிழில் எத்தனை சொற்கள் உதட்டில் பிறக்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. மழை, பேருந்து, விபத்து, மின்தடை, மருத்துவமனை. நான் தினமும் வாசித்த சொற்கள்தான். வணக்கம் என்ற சொல்லில்கூடக் கடைசியில் வாய் மூட வேண்டும். வலது ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் சரியாக வரும். விரலை எடுத்தால் சொல் சிதறிவிடும். சாப்பிடும்போது சோறு வலது கன்னத்தில் தங்கிக்கொள்ளும். சின்னச் சத்தம்கூட வலது காதில் பெரிதாக இடிக்கும். கண்ணில் டேப்போடு படுத்தால் தலையணை நனைந்து கிடக்கும். அது அழுகையா, மூடாத கண்ணிலிருந்து வழிவதா என்று எனக்கே தெரியாது.

அம்மா ஒரு பையோடு வந்து இறங்கினாள். லயத்தில் யாரோ காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்று விபூதி மந்திரித்துக் கொடுத்திருந்தார்கள். அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நேரம் தவறாமல் எடுத்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒற்றுவாள். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் அவ்வளவு மெதுவாக ஒற்றும் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு நாள் ஒற்றிக்கொண்டே சொன்னாள், “ஒரு கணக்குல இது நல்லதுதான் புள்ள.”

“என்ன நல்லது?”

“நீ டீவியில வாரப்ப ஒன்னையத் தெனம் பாப்பேன். நீ என்னையப் பாக்க மாட்ட. இப்ப ரெண்டு பேரும் பாத்துக்கிறோம்.”

குறை சொல்கிற தொனியே இல்லை. துணி ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மாத்திரை முடிந்ததும் டாக்டர் பிசியோதெரபிக்கு அனுப்பினார். குன்னூரில் ஒரு சின்ன கிளினிக். அங்கிருந்த பெண் என்னைவிட இளையவர். எதிரே கண்ணாடியை வைத்து, புருவத்தைத் தூக்குவது, மூக்கைச் சுருக்குவது, உதட்டைக் குவிப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். நான் முழுப் பலத்தையும் கூட்டி முக்கினேன். இடது பக்கம் மட்டும் இன்னும் கோணிக்கொண்டது.

“அவ்வளவு முக்காதீங்கக்கா. பலமா இழுத்தா நரம்பு தப்பா இணைஞ்சுக்கும். கண்ண மூடினா வாய் இழுக்கும், சிரிச்சா கண்ணு சுருங்கும். கொஞ்சமா, மெதுவாப் பண்ணுங்க. போதும்.”

“சீக்கிரம் சரியாகணுமே.”

“சீக்கிரம்னு நெனச்சுப் பண்ணாதீங்க. அதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது முகத்தைச் சால்வையால் மூடிக்கொள்வேன். குளிர் ஊர் என்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை பின் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். “அந்த நியூஸ் புள்ளையக் காணமே, இப்ப வேற யாரோ வருது.” “கல்யாணமாகிப் போயிருக்குமாட்ட இருக்குது.” “அதுக்கு எப்பவோ ஆயிருச்சுங்க.” நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் திரும்பி, நான்தான் அது, இதோ இருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. சால்வையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வேறு யாரோ வந்தது உண்மைதான். அண்ணன் முதல் வாரமே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு. “நல்லா ஆகிட்டு மெதுவா வாங்கம்மா. உங்க எடம் எங்கியும் போகாது” என்றார். சொன்னபோது அவர் அதை மனதாரத்தான் சொன்னார். ஆனால் செய்தி இல்லாமல் சேனலை எத்தனை நாள் ஓட்ட முடியும்? கல்லூரி முடித்த ஒரு பெண்ணை உட்கார வைத்தார். அந்தப் பெண்ணுக்கு வாசிக்க வந்தது, எழுத வரவில்லை. அதனால் சில வாரங்களில் மறுபடி வந்தார்.

“ஏனுங்கம்மா, ஊட்டுல இருந்தே நியூஸ் மட்டும் எழுதிக் குடுக்க முடியுங்களா? நீங்க எழுதறாப்பல அதுக்கு வரமாட்டேங்குது.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். சரிங்கண்ணா என்றேன். போன் பேச முடியாததால் வாட்ஸப்பில் விசாரித்து எழுதி அனுப்பினேன். ஏழு மணிக்கு டீவி முன்னால் உட்காருவேன். என் வாக்கியங்கள் இன்னொருத்தியின் வாயிலிருந்து வரும். நான் மூச்சு விட வைத்த இடத்தில் அவள் விடாமல் ஓடுவாள். நிதானமாக வாசிக்க வேண்டியதை வேகமாக வாசிப்பாள். என் வாய் தானாக அசைந்து அவளோடு சேர்ந்து வாசிக்கும், பாதி உதட்டோடு. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுடைய இரண்டு கன்னங்களும் ஒரே மாதிரி மேலே ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவ்வளவு சாதாரணமாக ஒரு முகம் சிரிப்பதை அதற்கு முன்னால் நான் கவனித்ததே இல்லை.

“எதுக்கு அதையே பாத்துக்கிட்டு? நிறுத்து” என்பார் கணவர்.

“தப்பில்லாம வாசிக்குதான்னு பாக்கறேனுங்க.”

அவர் நம்ப மாட்டார். இருந்தாலும் நிறுத்த மாட்டார்.

மாசி மாதம் பிறந்து பனி குறைந்த பிறகு ஒரு காலை, கண்ணாடி முன்னால் பயிற்சி செய்யும்போது வலது உதட்டு ஓரத்தில் ஏதோ துடித்தது. ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி. மறுபடியும் செய்தேன். மறுபடியும் துடித்தது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

“ஆடுதும்மா” என்றாள்.

அம்மா அதற்கு முன்பே லயத்துக்குத் திரும்பியிருந்தாள். போன் போட்டேன். ஒழுங்காக வரவில்லை, இருந்தாலும் அம்மா என்ற சொல் அம்மா என்றே கேட்டது. அவள் உடனே, “சாப்புட்டியா?” என்று கேட்டாள்.

அதன் பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கண் மூடியது. தண்ணீர் ஒழுகுவது நின்றது. விரல் வைக்காமலே சொற்கள் வந்தன. மழைக்காலம் தொடங்கியபோது தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும். சிரித்தால் வலது கண் சுருங்கும். உதட்டைக் குவிக்கும்போதெல்லாம் கண்ணுக்குக் கீழே ஒரு சுளிப்பு விழும். குன்னூர்ப் பெண் பயந்தது கொஞ்சம் நடந்துவிட்டிருந்தது. அது நான் முக்கி முக்கிச் செய்ததால் வந்ததா, நரம்பு தானாகச் செய்துகொண்டதா என்று கேட்டேன். “அதையெல்லாம் கேக்காதீங்கக்கா. இவ்வளவு வந்திருக்கு பாருங்க” என்றார்.

அண்ணனிடம் கேட்டு ஒரு நாள் ஸ்டூடியோவுக்குப் போனேன். புதிதாக வாசிக்கும் பெண் வருவதற்கு முன்னால், மத்தியானத்தில். மரூன் சேலை கட்டிக்கொண்டேன். விளக்கைப் போட்டார். அந்தச் சூடு முகத்தில் பட்டது, இரண்டு பக்கமும். முந்தின நாள் செய்தியையே வாசித்தேன். குரல் தடங்கலில்லாமல் வந்தது. முடிந்ததும் இருவரும் சேர்ந்து பார்த்தோம். திரையில் நான் வாசிக்க வாசிக்க வலது கண் மட்டும் யாருக்கோ ஜாடை காட்டுவதுபோலச் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. விபத்தில் இருவர் காயம் என்று சொல்லும்போதும் சுருங்கியது.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “குரல் அப்பிடியே இருக்குதுங்க” என்றார்.

“முகம் எப்பிடிங்கண்ணா?”

“இன்னுங் கொஞ்ச நாள் போகட்டுங்களே. இன்னும் நல்லாயிரும்.”

அவர் தயங்கியதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். படியிறங்கிக் கடைவீதிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஹார்டுவேர் கடை வாசலில் ஒதுங்கி நின்றேன். கடைக்காரர், “எப்பங்க மறுபடி வர்றீங்க?” என்று கேட்டார். கொஞ்ச நாளில் என்றேன்.

அந்தக் கொஞ்ச நாள் வரவே இல்லை. ஊரில் எல்லாரும் செய்தியைப் போனிலேயே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மரம் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே யாராவது வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். ஏழு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அந்த வருடம் முடிவதற்குள் அண்ணன் செய்தியை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நீலத் துணியைக் கழற்றிவிட்டு அறையில் பாதியை ஒரு டைலருக்கு வாடகைக்கு விட்டார். நான் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போக வேண்டும் என்று ஏங்கிய இடம், நான் போய்ச் சேரும் முன்பே இல்லாமல் போனது. செய்தி நின்ற நாளில் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன். முகம் கோணியபோதுகூட அப்படி அழவில்லை.

அதன் பிறகு சில மாதங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஒரு நாள் அண்ணன்தான் போன் செய்தார்.

“ஒரு சின்ன வேலைங்கம்மா. பேரூராட்சில இருந்து கேக்கறாங்க, தண்ணி வராததப் பத்தி ஆட்டோவுல அனௌன்ஸ் பண்ணணுமாமா. மைக் நம்மகிட்டதான இருக்குது. நீங்க பேசிக் குடுக்கறீங்களா?”

ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற ஸ்பீக்கருக்காகவா என்று முதலில் மனம் சுருங்கியது. ஆனாலும் போனேன். டைலரின் தையல் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த பாதி அறையில் நின்று பேசினேன். விளக்கு இல்லை, கேமரா இல்லை. கண் சுருங்கினால் சுருங்கட்டும். மூன்றே வரிகள். அவர்கள் எழுதிக் கொடுத்ததை வாங்கி நானே திருத்தி எழுதினேன். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வராது என்பது முதலில் வர வேண்டும், தலைவர் பெயரெல்லாம் அப்புறம்.

அடுத்த நாள் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து ஆட்டோ இறங்கி வந்தது. என் குரல் என்னைக் கடந்து போனது. காய்க்காரம்மா எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். “நாளைக்குத் தண்ணி வராதாமா” என்று பக்கத்துக் கடைக்குச் சொன்னார். யார் பேசுகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. எனக்கு அது வருத்தமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆட்டோ வளைவில் திரும்பும்வரை பையோடு நின்றிருந்தேன்.

அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. சொட்டு மருந்து முகாம், கோயில் திருவிழா, சோலூரில் காய்கறிச் சந்தை, புதுக்கடை திறப்பு. பிறகு வனத்துறை ஜீப்புக்கும் பேசச் சொன்னார்கள். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறுத்தை நாய்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகு வெளியே வராதீர்கள், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள் என்று பேசிக் கொடுத்தேன். பயமுறுத்தாமல், ஆனால் அலட்சியமாகவும் இருந்துவிடாதபடி சொல்ல வேண்டும். பல தடவை பேசிப் பார்த்துத்தான் அந்தத் தொனி அமைந்தது.

இரண்டொரு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன்.

“நீ ஏன் எறங்காமப் போயிட்ட?”

“எங்கம்மா?”

“ஜீப்புல வந்தியே. மேல ரோட்டுல பேசிக்கிட்டே வந்தியே. நீ வாரன்னு தேத்தண்ணிக்குத் தண்ணிய வச்சிட்டு ஏறி வந்தேன். நான் வாரதுக்குள்ள ஜீப்பு போயிருச்சு. பின்னாடியே கொஞ்ச தூரம் நடந்தேன். புள்ள, புள்ளன்னு கூப்புட்டேன், நீ திரும்பிப் பாக்கல.”

ஜீப்பில் நான் இல்லை, பதிவு செய்த குரல் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “அப்ப டிரைவரு மட்டுந்தானா” என்றாள். பிறகு, “நான் முட்டாச்சிறுக்கி மாதிரி ஓடியிருக்கேன் பாரு” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரோடு எனக்குத் தெரியும். லயத்திலிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏற வேண்டும். முழங்கால் வலியோடு அவள் அதில் ஏறி, ஒரு ஜீப்பின் பின்னால் நடந்திருக்கிறாள்.

மறுநாள் எழுந்ததும் பஸ்ஸேறினேன். சொல்லாமல் போனேன். அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இது நெசமாத்தானா?” என்றாள். பக்கத்துக் காம்பரா அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏன் தங்கச்சி, டீவியில இப்ப வாரதே இல்லையே?”

நான் பதில் தேடுவதற்குள் அம்மா சொன்னாள், “டீவியெல்லாம் விட்டுட்டா. இப்ப ஜீப்புல வாரா.”

அன்று முழுவதும் அங்கேயே இருந்தேன். அம்மா கீரை கடைந்து, கருவாடு சுட்டுப் போட்டாள். சாப்பிடும்போது நான் எதற்கோ சிரித்தேன். அவள் கையை நீட்டி என் வலது கண்ணுக்குக் கீழே, அந்தச் சுளிப்பு விழும் இடத்தில், விரலை வைத்துப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்காதும்மா. சிரிச்சா இப்படி ஆகும், அவ்வளவுதான்.”

“அதுக்காகச் சிரிக்காம இருந்துறாத.”

இப்போது மாதத்தில் இரண்டு மூன்று முறை போகிறேன். சாயங்காலத்தில் எனக்கு இப்போது வேலை இல்லை. அது ஒரு வசதி என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கும் நேரத்தில், எங்கே இருந்தாலும், உடம்பு எதற்கோ தயாராகிறது. சேலை மடிப்பைச் சரிசெய்துகொள்ளக் கை போகும். தொண்டையைச் செருமிக்கொள்வேன். அப்புறம்தான் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்று நினைவுக்கு வரும். ஆட்டோவில் என் குரல் போவது எனக்குப் பிடித்திருக்கிறது. அது போதுமா என்று கேட்டால், போதாது. அந்த மேசையும் எதிரே இருந்த கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கும் எனக்கு வேண்டும். அது இனிமேல் கிடைக்காது என்று தெரிந்த பிறகும் வேண்டும் என்று இருப்பது குறையவில்லை. குறையும் என்று காத்திருப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

போன வாரம் திரும்பும்போது அம்மா பஸ் ஸ்டாப்புவரை வந்தாள். வர வேண்டாம் என்றால் கேட்பதில்லை. பஸ் தாமதம். இருவரும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். கீழே தேயிலையில் மருந்தடித்த வாசனை வந்தது. அடுத்த தடவை வரும்போது முழங்காலுக்கு அந்தப் பச்சைக் களிம்பு வாங்கி வரச் சொன்னாள். போன தடவை வாங்கியது நன்றாக இல்லை, வேறு கம்பெனி என்றாள். மகளின் பரீட்சை எப்போது என்று கேட்டாள். மேலே வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் எழுந்து, என் கையில் இருந்த கீரைக் கட்டின் நாரை இறுக்கிக் கட்டினாள்.

“ஜன்னல் ஓரம் ஒக்காராத. குளிர் காத்து மூஞ்சியில அடிக்கும்” என்றாள்.

நான் நடுச் சீட்டில் உட்கார்ந்தேன்.